ரவுண்ட் டாப்பில் கர்னல் மூர் கோட்டை: அந்தத் தகட்டைப் படித்தவர்கள் வாருங்கள்

கொலராடோக்கரை:

டெக்சாஸின் ரவுண்ட் டாப் ஊரில் நடக்கும் பழம்பொருள் சந்தைக்கு வருஷா வருஷம் போகிறவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் உண்டு. அடுத்த முறை போகும்போது அரை மணி நேரம் ஒதுக்கி, அங்கே இருக்கும் மூர் கோட்டையையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு போக வேண்டாம். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய இரண்டு அறை, நடுவில் காற்றோடும் திறந்த தாழ்வாரம், இரண்டையும் சேர்த்து மேலே ஒரே கூரை. அவ்வளவுதான். பக்கத்தில் போய் மூலைகளைப் பாருங்கள். கட்டைகளின் முனையைச் செதுக்கி ஒன்றை ஒன்று கவ்வும்படி பூட்டியிருக்கிறார்கள். ஃபயெட் கவுண்டியில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். 1828 வாக்கில் எழுந்தது. முதலில் இருந்த இடம் லா கிரேஞ்ச். பிற்காலத்தில் பெயர்த்து இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கட்டியவர் ஜான் ஹென்றி மூர். 1800-ல் டென்னசியில் பிறந்தவர். லத்தீன் படிக்கப் பிடிக்காமல் கல்லூரியிலிருந்து டெக்சாஸுக்கு ஓடிவந்தார், அப்பா வந்து பிடித்துக்கொண்டு போனார், மறுபடி 1821-ல் வந்து நிலைத்துவிட்டார் என்று சொல்வார்கள். ஸ்டீபன் ஆஸ்டின் கொண்டுவந்து குடியேற்றிய முதல் கூட்டத்துக்கு 'பழைய முந்நூறு' என்று பெயர். அதில் இவரும் ஒருவர். லா பாகியா சாலை டெக்சாஸுக்குள் ஓடும் கொலராடோ ஆற்றைக் கடக்கும் துறையில் வீட்டைக் கட்டி, அதைச் சுற்றி ஊருக்கு அடிபோட்டார். 1837-ல் ஃபயெட் கவுண்டி உருவானபோது அந்த ஊரே, அதாவது லா கிரேஞ்சே, அதன் தலைநகரானது. ஆஸ்டினிலிருந்து ஹூஸ்டனுக்கு 71-ம் நெடுஞ்சாலையில் போகிற நாம் எல்லோரும் அவர் அடிபோட்ட ஊர் வழியாகத்தான் போகிறோம்.

கோட்டைக்கு மாநில வரலாற்று ஆணையத்தின் தகடு ஒன்று உண்டு. கரும்பின்னணியில் எழுத்துகள் புடைத்து நிற்கும் அந்த அலுமினியத் தகடுகளை நீங்கள் சாலையோரமெல்லாம் பார்த்திருப்பீர்கள். குடியேறிகளை அமெரிக்க இந்தியர்களிடமிருந்து காக்கக் கட்டிய கோட்டை, பழைய முந்நூறில் ஒருவர், லா கிரேஞ்சை நிறுவியவர், கொன்சாலஸ் போரில் தளபதி, பழங்குடிகளோடு பலமுறை போரிட்டவர். தகட்டின் சாரம் இதுதான்.

இந்த மனிதரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்பது கொஞ்ச நாளாக என்னைக் குடைகிறது. படித்தவர்கள், போய்ப் பார்த்தவர்கள் பேசுங்கள்.

புதுவை_செல்வன்:

நல்ல இழை ஐயா. எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். இவர் ராணுவத்தில் இருந்தவரா, விவசாயியா? கர்னல் என்கிறார்கள், ஊரை நிறுவினார் என்றும் சொல்கிறீர்கள். சம்பளம் யார் கொடுத்தது?

மலர்விழி_ஆஸ்டின்:

செல்வன், சம்பளத்துக்கு ராணுவத்தில் இருந்தவர் இல்லை. அந்தக் காலத்து டெக்சாஸில் ஊர்ப்படைதான். மிலிஷியா. ஆபத்து என்று செய்தி வந்தால் கலப்பையைப் போட்டுவிட்டுத் தன் குதிரை, தன் துப்பாக்கி, கொஞ்சம் சோளமாவோடு வந்து சேர வேண்டும். வந்தவர்களே கூடித் தங்கள் தலைவரை வாக்கெடுத்துத் தேர்ந்தெடுப்பார்கள். மூரைக் கர்னல் ஆக்கியதும் அப்படி ஒரு வாக்கெடுப்புதான். வேலை முடிந்ததும் அவரவர் வயலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

கொன்சாலஸ் கதையைச் சொன்னால் விளங்கும். அப்போது டெக்சாஸ் மெக்சிகோவின் ஒரு பகுதி. கொமான்சிப் பழங்குடிகள் தாக்கினால் பயன்படட்டும் என்று 1831-ல் மெக்சிகோ அரசு அந்த ஊருக்கு ஒரு பீரங்கி கொடுத்திருந்தது. 1835-ல் மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னா எல்லா அதிகாரத்தையும் மையத்தில் குவிக்க ஆரம்பித்ததும் குடியேறிகள் முரண்டு பிடித்தார்கள். சான் அன்டோனியோவில் இருந்த மெக்சிகோத் தளபதி உகார்தெச்சேயா, பீரங்கியைத் திருப்பி வாங்கி வரச் சொல்லி முதலில் ஒரு கார்ப்பரலையும் ஐந்து வீரர்களையும் அனுப்பினார். ஊரார் தரவில்லை. பிறகு லெப்டினன்ட் பிரான்சிஸ்கோ டி காஸ்தஞேதா நூறு குதிரைவீரர்களோடு வந்தார். ஊரில் அப்போது சண்டைக்கு ஆள் பதினெட்டுப் பேர்தான். அவர்கள் குவாடலூப் ஆற்றில் ஓடத்தை எல்லாம் தங்கள் கரைக்கு இழுத்துக் கட்டிவிட்டு, மேயர் ஊரில் இல்லை, வரட்டும், பேசலாம் என்று நாள் கடத்தினார்கள். பீரங்கியை ஒரு பீச் தோட்டத்தில் புதைத்து வைத்தார்கள். அதற்குள் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் ஆள் போனது. கொலராடோக் கரையிலிருந்து ஆள் திரட்டி வந்தவர்களில் மூர் முக்கியமானவர். கூடியவர்கள் அவரையே தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அக்டோபர் 2 காலையில் மூரும் காஸ்தஞேதாவும் நடுவயலில் நேருக்கு நேர் நின்று பேசியிருக்கிறார்கள். காஸ்தஞேதா சொன்னதன் சுருக்கம்: எனக்கும் இந்த மையவாதம் பிடிக்கவில்லை, நானும் குடியரசுவாதிதான், ஆனால் ஆணைக்குக் கட்டுப்பட்டவன். அப்படியென்றால் எங்கள் பக்கம் வந்துவிடுங்கள் என்று மூர் கூப்பிட்டார். அவர் வரவில்லை. பேச்சு முறிந்தது, பீரங்கி வெடித்தது, மெக்சிகோத் தரப்பில் ஒருவரோ இருவரோ இறந்தார்கள், காஸ்தஞேதா படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். 'வந்து எடுத்துக்கொள்' என்று எழுதிய வெள்ளைக் கொடி பறந்தது அங்கேதான். இன்றைக்கு டெக்சாஸில் பாதி பிக்கப் வண்டிகளின் பின்னால் ஒட்டியிருக்கிறதே, அதே வாசகம்.

சீருடை இல்லாதவர்கள், தாங்களே தலைவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அரசின் குதிரைப்படையை எதிர்த்து நின்றார்கள். இதில் மதிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

சுகர்லேண்ட்_குமரன்:

மலர்விழி அக்கா சொன்னது சரிதான். ஆனால் கொன்சாலஸோடு நிறுத்தினால் மூரின் வாழ்க்கையில் பாதியைத்தான் சொன்னதாகும். தகட்டில் 'பழங்குடிகளோடு போரிட்டவர்' என்ற இரண்டு வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1839 பிப்ரவரி. அதற்குள் டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்து தனிக் குடியரசாகியிருந்தது. அறுபது சொச்சம் தன்னார்வலர்கள், கூட லிபான் அபாச்சிப் பழங்குடித் தலைவர் காஸ்ட்ரோவும் அவர் ஆட்களும். சான் சபா ஆற்றங்கரையில் இருந்த கொமான்சி முகாமைத் தாக்க மூர் போகிறார். மேலே பனியும் மழையும். ஒரு மைல் தூரத்தில் குதிரைகளை விட்டுவிட்டு, விடியற்காலையில் நடந்து போய்ப் பாய்கிறார்கள். கூட ஆண்ட்ரூ லாக்ஹார்ட் என்ற தகப்பனும் போனார். அவருடைய மகள் மட்டில்டாவைக் கொமான்சிகள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் எல்லோருக்கும் முன்னால் ஓடி, மட்டில்டா, நீ இங்கே இருந்தால் என்னிடம் ஓடி வா என்று கத்திக்கொண்டே நுழைந்தாராம். பெண் கிடைக்கவில்லை. மூர் பின்வாங்கிப் போய்ப் பார்த்தால் குதிரைகளைக் கொமான்சிகள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு நூறு மைலுக்கு மேல் நடந்து ஊர் திரும்பினார்கள்.

1840 அக்டோபர். இந்த முறை தொண்ணூறு பேர், மறுபடி லிபான்கள் துணை. கொலராடோவின் மேல்பகுதியில், ஆஸ்டினிலிருந்து ஏறக்குறைய முந்நூறு மைலில், அறுபது கூடாரம் கொண்ட ஒரு கொமான்சிக் கிராமம். 24-ம் தேதி விடியலில் உறங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் குதிரையோடு புகுந்தார்கள். ஓடியவர்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். அக்கரையில் முன்கூட்டியே ஆள் நிறுத்தி வைத்திருந்தார் மூர். ஊருக்குள் 48 பேர், ஆற்றில் 80 பேர் என்று அவரே போர்த்துறைச் செயலாளருக்கு எழுதிய அறிக்கையில் கணக்குக் கொடுத்திருக்கிறார். ஆண், பெண், குழந்தை என எங்கு பார்த்தாலும் கிடந்தார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அவர் தரப்பில் இருவருக்குக் காயம்.

இதைச் சண்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆற்றில் நீந்திய குழந்தையைச் சுட்டவர்களும் கலப்பையைப் போட்டுவிட்டு வந்த அதே விவசாயிகள்தான். அந்த ஊர்ப்படையைக் கொண்டாடும்போது இதுவும் அதே படை செய்தது என்று எழுத வேண்டாமா?

வைகைமணல்:

குமரன் தம்பி, நீங்கள் சொன்ன தகவலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1840 அக்டோபரை மட்டும் வெட்டி எடுத்து வைத்தால் அது ஏன் நடந்தது என்று படிப்பவருக்குத் தெரியாது.

அந்த ஆண்டு மார்ச்சில் கொமான்சிகள் மட்டில்டாவைச் சான் அன்டோனியோவுக்குக் கூட்டிவந்து ஒப்படைத்தார்கள். அவள் உடம்பில் இருந்த காயங்களைப் பார்த்து ஊரே கொதித்தது. ஆகஸ்டில் பெரும் கொமான்சிப் படை விக்டோரியாவைச் சுற்றி வளைத்தது. பிறகு லின்வில் என்ற துறைமுக ஊரைக் கொள்ளையடித்துக் கொளுத்தியது. மக்கள் படகுகளில் ஏறிக் கடலுக்குள் போய் நின்று தங்கள் ஊர் எரிவதைப் பார்த்தார்கள். அந்த ஊர் மறுபடி எழவே இல்லை, பிழைத்தவர்கள் போய் லவாக்கா துறைமுகத்தை உண்டாக்கினார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் மூர் கிளம்பினார்.

கொலராடோக் கரையில் தனி வீட்டில் பிள்ளைகுட்டிகளோடு இருப்பவனுக்கு ராத்திரி நாய் குரைத்தால் என்ன பயம் வரும் என்று நினைத்துப் பாருங்கள். அறைக்குள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது நமக்குச் சுலபம்.

சுகர்லேண்ட்_குமரன்:

பயத்தை நான் மறுக்கவில்லை அண்ணா. ஆனால் மார்ச்சில் நடந்ததையும் முழுதாகச் சொல்லுங்கள். அந்தக் கொமான்சித் தலைவர்கள் சமாதானம் பேச, பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்கள். எல்லாக் கைதிகளையும் கொண்டுவரவில்லை என்று சொல்லி, பேச்சு நடந்த கட்டடத்துக்குள்ளேயே அவர்களைப் பணயமாகப் பிடித்துவைக்கப் படையை நிறுத்தினார்கள். தப்பிக்கப் பார்த்ததும் துப்பாக்கிச் சூடு. முப்பத்தைந்து கொமான்சிகள் செத்தார்கள். பன்னிரண்டு தலைவர்கள் அதில் அடக்கம். லின்வில் எரிந்தது அதற்குப் பதிலடியாக. கொமான்சி அம்மாவும் ராத்திரி நாய் குரைத்தால் பயந்தவள்தான். அவள் பயத்துக்கு எந்தச் சாலையோரத்தில் தகடு இருக்கிறது?

வைகைமணல்:

இந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

கொலராடோக்கரை:

லிபான்களை மறந்துவிடாதீர்கள். மூரின் இரண்டு படையெடுப்பிலும் வழி காட்டி, வேவு பார்த்து, முன்னால் போனவர்கள் அவர்கள். கொமான்சிகள் அவர்களுக்கும் எதிரி, அதனால் குடியேறிகளோடு சேர்ந்தார்கள். லிபான் இளைஞர் பிளாக்கோ, ஜாக் ஹேஸின் ரேஞ்சர் என்ற எல்லைக்காவல் படையில் இருந்து டெக்சாஸுக்காகச் சண்டை போட்டவர். 1842 கடைசியில் குதிரைகளுக்கு ஆசைப்பட்டு வெள்ளையர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள். அவருடைய தகப்பனாருக்கு அப்போதைய டெக்சாஸ் அதிபர் சாம் ஹூஸ்டன் இரங்கல் எழுதினார். கொலைக்குத் தண்டனை கிடைக்கவில்லை. போகப் போக லிபான்களுக்கும் டெக்சாஸில் இடமில்லாமல் போயிற்று. அவர்கள் கொடுத்த துணைக்குக் கிடைத்த கைம்மாறு அதுதான்.

மலர்விழி_ஆஸ்டின்:

இன்னொன்றும் பேச வேண்டும். நிலம்.

மூர் ஏன் வந்தார்? டென்னசியில் காசு கொடுத்து வாங்க வேண்டிய மண் இங்கே ஏறக்குறைய இனாம். குடும்பஸ்தனுக்கு ஒரு லீக், அதாவது 4,428 ஏக்கர் மேய்ச்சல் நிலம், அதற்கு மேல் 177 ஏக்கர் உழவு நிலம். காவிரிக் கரையில் அரை ஏக்கருக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த எண்ணைப் படித்தபோது நம்பவே முடியவில்லை. ஆஸ்டின் 1821-ல் முதலில் வகுத்த திட்டத்தில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு இருந்தது: ஆணுக்கு 640, மனைவிக்கு 320, குழந்தைக்கு 160, கூட்டிவரும் ஒவ்வொரு அடிமைக்கும் 80 ஏக்கர். அடிமைக்கு அல்ல, அவரை வைத்திருப்பவருக்கு. 1825-ல் ஆஸ்டின் குடியிருப்பில் எடுத்த கணக்கில் 1,790 பேர். அதில் 443 பேர் அடிமைகள். நாலில் ஒருவர்.

மெக்சிகோ 1829-ல் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது. குடியேறிகள் மன்றாடி டெக்சாஸுக்கு விலக்கு வாங்கினார்கள். அதற்கு முன்பே மாநிலச் சட்டம் புதிய அடிமைகளைக் கொண்டுவரத் தடை போட்டபோது, 99 வருஷ வேலை ஒப்பந்தம் என்று தாளில் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கிக் கொண்டுவந்தார்கள். 1830 ஏப்ரல் 6 சட்டம் அமெரிக்காவிலிருந்து குடியேற்றத்தையே நிறுத்தப் பார்த்தது. கொன்சாலஸில் வெடித்த கோபத்தில் சாந்தா அன்னாவின் எதேச்சாதிகாரம் ஒரு பங்கு என்றால் இதுவும் ஒரு பங்கு. மூரும் அடிமைகளை வைத்திருந்த தோட்டக்காரர்தான். உள்நாட்டுப் போரில் வயதாகிவிட்டது என்று படையில் சேர்க்காதபோது, தென்மாநிலங்களின் போருக்குக் கடன் பத்திரம் திரட்டும் குழுவில் வேலை செய்தார்.

அந்தக் கட்டைகளை அறுத்ததும் தூக்கி அடுக்கியதும் யார் கைகள்? இனி அந்தக் கோட்டை முன்னால் நின்றால் எனக்கு முதலில் வரும் கேள்வி அதுதான்.

புதுவை_செல்வன்:

அப்படியானால் தகட்டை எடுத்துவிட வேண்டும் என்கிறீர்களா அக்கா? லா கிரேஞ்ச் ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா?

மலர்விழி_ஆஸ்டின்:

எடுக்கச் சொல்லவே மாட்டேன். எடுத்தால் மூரும் போய்விடுவார், அவரோடு சேர்ந்து இந்தக் கேள்விகளும் போய்விடும். பக்கத்தில் இன்னொன்று வேண்டும் என்கிறேன்.

கொலராடோக்கரை:

பக்கத்தில் இன்னொன்று என்றதும் எனக்கு உடனே ஒரு பெயர் தோன்றுகிறது. கிரிஃபின்.

லா கிரேஞ்சில் நீதிமன்றச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓக் மரம் உண்டு. 'படை கூடிய ஓக்' என்று அதற்கும் தகடு வைத்திருக்கிறார்கள். 1842 செப்டம்பரில் மெக்சிகோவின் ஜெனரல் வோல் சான் அன்டோனியோவைப் பிடித்ததும், நிக்கலஸ் டாசன் அந்த மரத்தடியில்தான் ஆள் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். ஐம்பத்து சொச்சம் பேர். 18-ம் தேதி சலாடோ ஓடைக்கு அருகே மெக்சிகோக் குதிரைப்படையிடம் சிக்கிக்கொண்டார்கள். எதிரி துப்பாக்கிக் குண்டு எட்டும் தூரத்துக்கு வராமல் பீரங்கியால் அடித்தான். முப்பத்தாறு பேர் அங்கேயே இறந்தார்கள். பதினைந்து பேர் பிடிபட்டார்கள். தப்பியவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம்.

அந்தக் கூட்டத்தில் கிரிஃபின் இருந்தார். சான் அன்டோனியோக்காரர் சாமுவேல் மேவெரிக்கிடம் அடிமையாக இருந்தவர். மேவெரிக்கை வோல் சிறைபிடித்துவிட்டான் என்று தெரிந்ததும், எப்படியாவது மீட்டு வரச் சொல்லி அவர் மனைவி மேரி இவரை அனுப்பினார். வழியில் டாசன் ஆட்களோடு சேர்ந்துகொண்டார். கடைசியில் துப்பாக்கி உடைந்த பிறகும் மரக்கிளையை முறித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டு இறந்தார் என்று மேரி மேவெரிக் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

டெக்சாஸ் குடியரசின் 1836 அரசியலமைப்புப்படி கிரிஃபின் குடிமகனே இல்லை. எஜமான் மனம்வைத்து விடுதலை செய்தாலும், காங்கிரஸ் அனுமதி இல்லாமல் இந்த மண்ணில் தங்கியிருக்கக்கூட முடியாது. ஆனாலும் அந்த மண்ணுக்காக உயிரை விட்டார்.

1848-ல் சலாடோவில் கிடந்த எலும்புகளைத் தோண்டி எடுத்துவந்து, லா கிரேஞ்சுக்கு எதிரே ஆற்றை ஒட்டிய குன்றின் மேல் புதைத்தார்கள். மியர் படையெடுப்பில் மெக்சிகோவிடம் பிடிபட்டு, குலுக்கலில் கறுப்பு அவரைக்கொட்டை வந்ததால் சுடப்பட்ட பதினேழு பேரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அவர்களுடைய எலும்புகளும் அதே கல்லறையில்தான். குன்றின் மேலிருந்து பார்த்தால் கொலராடோ வளைந்து போவது அழகாகத் தெரியும். குழந்தைகளைக் கூட்டிப் போக நல்ல இடம். கிரிஃபினைப் பற்றியும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

வைகைமணல்:

ஐயா, இவரைப் பற்றி இத்தனை வருஷம் டெக்சாஸில் இருந்தும் எனக்குத் தெரியாது. சான் அன்டோனியோவில் மேவெரிக் பெயரில் தெருவும் கட்டடமும் பார்த்திருக்கிறேன்.

தகடு வைப்பது யார் கையில் இருக்கிறது? நாம் கேட்டால் நடக்குமா?

மலர்விழி_ஆஸ்டின்:

நடக்கும் அண்ணா, ஆனால் உழைப்பு வேண்டும். எங்கள் கவுண்டியில் ஒரு தகட்டு விண்ணப்பத்துக்கு உதவியிருக்கிறேன், அதனால் நடைமுறை தெரியும்.

டெக்சாஸில் பதினாறாயிரத்துக்கு மேல் தகடுகள் உண்டு. 1936 நூற்றாண்டு விழாவுக்கு அரசு கிரானைட் கற்களை மாநிலம் முழுக்க நட்டது. அலுமினியத் தகடுகள் 1962-க்குப் பிறகு வந்தவை. ஆகவே எந்தக் கல்லைப் படித்தாலும் முதலில் அதன் அடியில் இருக்கும் ஆண்டைப் பாருங்கள். 1936-ல் எழுதியவர்களில் கொமான்சியோ கறுப்பரோ இல்லை. அந்தக் கல் மூரின் காலத்தைச் சொல்வதோடு 1936-ஐயும் சேர்த்துச் சொல்கிறது.

புதிய தகடு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சாதாரணமாக அந்தந்தக் கவுண்டியின் வரலாற்றுக் குழு வழியாகத்தான் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். பொதுவாக ஐம்பது ஆண்டு ஆகியிருக்க வேண்டும், நிகழ்ச்சி என்றால் முப்பது ஆண்டு, ஆள் என்றால் இறந்து பத்து ஆண்டு. விண்ணப்பத்தோடு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வைக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மூல ஆவணம் காட்டச் சொல்வார்கள். பாட்டி சொன்ன கதை மட்டும் போதாது. வார்ப்புச் செலவு சாதாரணமாக விண்ணப்பிப்பவர் தலையில்தான். ஆனால் இதுவரை சொல்லப்படாத கதைகளுக்கென்று ஆணையம் தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதில் தேர்வானால் செலவை ஆணையமே ஏற்கும். கிரிஃபினுக்கு முயன்றால் அதில்தான் முயல வேண்டும்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு தகடுகளுக்கு இடம் இருக்கிறது. ஒன்று சலாடோ ஓடைப் பக்கம், பெக்சார் கவுண்டியில், கிரிஃபினுக்கு. இன்னொன்று அக்டோபர் 1840-ல் ஆற்றில் செத்தவர்களுக்கு, கொலராடோவின் மேல்பகுதியில். இரண்டாவதற்குக் கொமான்சி மக்களைக் கேட்காமல் நாம் ஒரு வரி எழுதக் கூடாது. அவர்கள் அரசு ஓக்லஹோமாவின் லாட்டனில் இருக்கிறது. எழுதிக் கேட்போம்.

சுகர்லேண்ட்_குமரன்:

அக்கா, கிரிஃபின் பற்றிய ஆவணங்களை நான் தேட ஆரம்பிக்கிறேன். மேரி மேவெரிக்கின் குறிப்புகளோடு, பிடிபட்ட பதினைந்து பேரில் உயிரோடு திரும்பியவர்கள் யாராவது அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். சான் சபா, கொலராடோ இரண்டுக்கும் மூர் அனுப்பிய அறிக்கைகளின் நகலும் எடுத்துத் தருகிறேன்.

வைகைமணல்:

நான் சான் அன்டோனியோவில்தான் இருக்கிறேன். சலாடோ ஓடையில் அந்த இடத்துக்கு அருகே இப்போது என்னென்ன பலகைகள் இருக்கின்றன, ஏற்கெனவே கிரிஃபின் பெயர் எதிலாவது இருக்கிறதா என்று பார்த்துப் படம் போடுகிறேன். பெக்சார் கவுண்டிக் குழுவின் கூட்டம் என்றைக்கு என்றும் கேட்டு எழுதுகிறேன்.

புதுவை_செல்வன்:

கட்டுரையைத் தட்டச்சு செய்வது, அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஐயா, இதற்குத் தனி இழை ஒன்று திறந்துவிடுங்கள், இங்கே போட்டால் கலந்துவிடும்.